சின்னம்மா என்றொரு வால்ஸ்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பிள்ளைகள் இருவரும் முதலில் விசாரித்தது தொப்பியைப் பற்றித்தான்.

"அங்கிள், அந்தக் கௌபாய்த் தொப்பியோடதான் மேடையில வாசிச்சனீங்களோ, இல்லாட்டி போட்டோவுக்கு மட்டும் போட்டதோ?"

மேடையில்தான் போட்டேன். நோர்வேயின் கிராமப்புறங்களில் சனிக்கிழமை நடனங்களுக்கு வாசிக்கும் ஒரு கன்ட்ரி இசைக்குழுவில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கிட்டார் வாசித்து, இந்த வசந்தத்தில் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்திருப்பவர் நல்ல வாசிப்புக்காரர். அவருடைய காதுக்குள் ஒரு சிறு கருவி டிக் டிக் என்று தாளம் சொல்கிறது. எங்கள் காலத்தில் தாளம் என்பது குழுத் தலைவி தரையில் தட்டும் வலது சப்பாத்து. மாற்றம் அவ்வளவுதான். குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆண்டுகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் வாசித்த நடனங்களின் சுவரொட்டிகள் பெரும்பாலும் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் கிழமையும் மாதமும் தேதியும் இருக்கும், ஆண்டு இருக்காது. அடுத்த சனிக்கிழமைக்கு ஒட்டும் தாளுக்கு ஆண்டு எதற்கு? எந்த ஆண்டில் அந்தத் தேதி சனிக்கிழமையில் விழுந்தது என்று பழைய பஞ்சாங்கங்களை வைத்துக் கணக்கிட்டுத்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன். அப்படியும் பல இடங்களில் என் மனைவி மாலதி ஒரு வருடம் முந்தியது என்கிறாள். எங்கள் மகள் நிலா அப்போது எத்தனையாம் வகுப்பு என்பது அவளுடைய பஞ்சாங்கம். அதுவே பெரும்பாலும் சரியாக இருக்கிறது. ஆகவே இங்கே ஆண்டுகளைத் தவிர்த்து எழுதுகிறேன்.

பருத்தித்துறைப் பக்கம் பிறந்தேன். அப்பா லொறி ஓட்டினார். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் அவர் காய்ச்சலில் இறந்துபோனார். அம்மாவுக்கு நான்கு பிள்ளைகள், நான் இரண்டாவது. சாவகச்சேரியில் இருந்த பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. செத்த வீட்டு எட்டாம் நாள் சடங்கு முடிந்த கையோடு பெரியவர்கள் கூடிப் பேசி என்னைப் பெரியம்மாவுக்குக் கொடுப்பதென்று முடிவானது. எங்கள் பக்கத்தில் அது அரிய விஷயம் அல்ல. அம்மாதான் என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். பெரியம்மா வீட்டு வாசல் படலையில் வைத்துச் சொன்னார்: "இண்டையிலிருந்து அக்காதான் உனக்கு அம்மா. நான் சின்னம்மா. மாறிக் கூப்பிடக்கூடாது, என்ன?" தலையாட்டினேன். பிள்ளைகளுக்குச் சொற்கள் சீக்கிரம் பழகிவிடும். பெரியம்மா அம்மாவானார், அம்மா சின்னம்மாவானார். கோயில் தேருக்கும் தீபாவளிக்கும் சின்னம்மா வருவார், என் தலையை வாரிவிடுவார், பின்னேர பஸ்ஸில் போய்விடுவார். பெரியம்மா என்னை ஒரு குறையும் இல்லாமல் வளர்த்தார். ஆனால் சின்னம்மா வந்துபோகும் நாட்களில் இருவருமே என்னிடம் தேவைக்கு மேல் பேசமாட்டார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

பெரியப்பா தபாற்கந்தோர் உத்தியோகத்தர். கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஹவாயன் கிட்டார் வாங்கியிருந்தார். மடியில் கிடத்தி, இடது கையில் பிடித்த எஃகுத் துண்டைக் கம்பிகளின் மேல் வழுக்கி வாசிப்பது அது. ஞாயிற்றுக்கிழமைகளில் சினிமாப் பாட்டு வாசிப்பார். அவர் வாசிப்பதைப் பார்த்து நானும் வாசித்தேன். பாடம் என்று அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஹவாய்த் தீவில் பிறந்த அந்த வாத்தியம் ஒரு பக்கம் அமெரிக்கக் கன்ட்ரிக் குழுக்களுக்குள்ளும் இன்னொரு பக்கம் இலங்கை வீடுகளுக்குள்ளும் போய்ச் சேர்ந்த கதையைப் பின்னாளில் படித்தபோது, எனக்கு இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர்களைச் சந்தித்த மாதிரி இருந்தது.

எண்பதுகளின் நடுவில் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில், ஒரு மீன் தொழிற்சாலையில் வந்து விழுந்தேன். விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அன்று படிக்கட்டு முழுவதும் பனிக்கட்டி. ஒரு சனிக்கிழமை, தொழிற்சாலை உணவறையில், கூட வேலை செய்த ஆர்னே என்பவர் கிட்டார் கொண்டுவந்திருந்தார். சாதாரணக் கிட்டார். அதை வாங்கி மடியில் கிடத்தி, மீன் கத்தி தீட்டும் இரும்புக் கோலைக் கம்பி மேல் வைத்து வழுக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள். ஆர்னே சொன்னார்: "என் மச்சாள் ஒருத்தி தெற்கே நடனக் குழு வைத்திருக்கிறாள். இப்படி வாசிக்க ஆள் இல்லை என்று பத்து வருடமாகப் புலம்புகிறாள்."

அந்த மச்சாள்தான் சூல்வை. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நானும் மாலதியும் ஒஸ்லோவுக்கு வந்து ரொம்மனில் ஒரு இரண்டு அறை வீட்டில் குடியேறினோம். பகலில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் எனக்கு வேலை. லோறென்ஸ்கூக்கில் சூல்வையின் வீட்டுக் கராஜில் ஒத்திகை. அக்கோர்டியன் வாசித்தபடியே குழுவை நடத்துவார். வேனையும் அவரே ஓட்டுவார். பாராட்டு என்ற வழக்கமே அவரிடம் இல்லை. இடைவேளையில் தெர்மோஸைத் திறந்து முதல் கோப்பைக் கோப்பியை யாரிடம் நீட்டுகிறாரோ, அவர் அன்று நன்றாக வாசித்தார் என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் "யா, யா" என்பார். அதற்கு மேல் திட்டும் கிடையாது.

என்னிடம் முதல் நாள் சொன்னது இதுதான்: "மூன்று நடனம் வாசி. அதற்குப் பிறகு நீ என்னிடம் கேட்க வேண்டாம், நானும் உன்னிடம் சொல்ல வேண்டாம். இருவருக்கும் தெரிந்திருக்கும்."

அவருடைய விதிகள் சில. வாசிக்கும்போது யாரும் தன் கையைப் பார்க்கக்கூடாது, ஆடுபவர்களின் கால்களைப் பார்க்க வேண்டும். பாட்டுகள் எப்போதும் இரண்டிரண்டாக, ஒரே வேகத்தில். ஏனென்றால் இங்கே ஒருவரை நடனத்துக்கு அழைத்தால் இரண்டு பாட்டுக்குத்தான் அழைப்பு. முதல் பாட்டு முடிந்ததும் சோடிகள் தளத்திலேயே நின்று வானிலை பேசுவார்கள், இரண்டாவதும் ஆடி, நன்றி சொல்லிப் பிரிவார்கள். ஒன்றோடு போய் உட்கார்ந்தால், கூட ஆடியவருக்கு ஆடத் தெரியாது என்று சபையறியச் சொன்னதாகும். அதனால் இரண்டு பாட்டுக்கும் நடுவே ஒரு மூச்சுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது.

கையைப் பார்க்காமல் நான் எப்படி வாசிப்பது? என் வாத்தியத்தில் எஃகு எங்கே நிற்கிறது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். இதைச் சொன்னபோது சூல்வை வாதாடவில்லை. என் கதிரையை மேடையின் விளிம்புக்கு இழுத்துக் கொஞ்சம் சரித்துப் போட்டார். என் மடியும் நடனத் தளமும் ஒரே பார்வைக் கோட்டில் வந்தன. அன்று முதல் ஓய்வு பெறும் வரை அந்தக் கோணத்தில்தான் உட்கார்ந்தேன்.

முதல் நடனம் ஹாடலான் பக்கம் ஒரு ஊர் மண்டபத்தில். வால்ஸ் என்ற மூன்றடித் தாள நடனத்துக்கு வாசிக்கும்போது ஒன்றைக் கண்டேன். என் முறை வரும்போதெல்லாம் கால்கள் தயங்கின. விழவில்லை, நிற்கவில்லை. படியில் இன்னொரு படி இருக்குமென்று நினைத்துக் காலை வைக்கும் ஒருவரைப் போல ஒரு சின்னத் திகைப்பு. இடைவேளையில் தெர்மோஸ் என்னைத் தாண்டிப் போனது. "யா, யா" என்றார் சூல்வை.

அடுத்த ஒத்திகையில் அக்கோர்டியனைக் கழற்றி வைத்துவிட்டு, "எழும்பு" என்றார். பாஸ் கிட்டார்க்காரர் வால்ஸ் வாசிக்க, கராஜில் எண்ணெய்க் கறைகளின் மேல் என்னைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். என் வாழ்க்கையில் அதுவரை ஒரு பெண்ணின் தோளில் கை வைத்து ஆடியதில்லை. மாலதி நிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இஞ்சருங்கோ, ஆரும் எங்கடை ஆக்கள் இந்த ரோட்டால போனா என்ன சொல்லுவினம்?"

"நான் வேலை பழகிறன் எண்டு சொல்லும்."

"ஓமோம், நல்ல வேலை. நிலா, அப்பாவைப் பார் பிள்ளை, பம்பரம் மாதிரி."

நாலு சுற்றில் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் கேட்டு வளர்ந்த சங்கீதத்தில் சுரம் தாளத்தில் புறப்பட்டு, அசைந்து வளைந்து, பிறகு தன் இடத்தில் அமரும். வழுக்கி ஏறும் அந்த அழகை நான் ஒன்று என்ற அடியில் தொடங்கினேன். இங்கே கால் ஒன்றில் தரையைத் தொட்டுவிடுகிறது. அப்போது சுரம் இன்னும் பாதி வழியில் இருக்கிறது. ஆடுபவர் மிதிக்க ஒன்றும் இல்லை. ஆகவே முந்திய மூன்றாம் அடியிலேயே வழுக்கத் தொடங்கி, கால் இறங்கும் கணத்தில் சுரமும் இறங்க வேண்டும். அதே கமகம்தான், ஒரு அடி முந்திப் புறப்பட வேண்டும். சொல்ல ஒரு வரி. கைக்கு வர ஒரு இலையுதிர் காலம் முழுவதும் எடுத்தது. அந்தப் பருவத்தின் கடைசியில் வந்த என் மூன்றாவது நடனத்தில் தெர்மோஸ் திறந்தது. முதல் கோப்பை எனக்கு. சொன்னபடி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்தத் தொப்பி வந்தது.

"இதோட கோயிலுக்கு மட்டும் வந்திடாதேங்கோ" என்றாள் மாலதி.

அந்த வால்ஸ் வந்தது இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு. ஒலிபெருக்கியைச் சோதிக்க ஏதோ வாசித்துக்கொண்டிருந்தேன். சூல்வை திரும்பி, "அது என்ன?" என்றார். "ஒன்றுமில்லை." "அந்த ஒன்றுமில்லையை இன்னொரு தரம் வாசி." மூன்று தரம் வாசிக்க வைத்தார். அக்கோர்டியனில் ஒரு மறுமொழி போட்டார். பிறகு பெயர் கேட்டார். வாசிக்கும்போது எனக்கு ஞாபகத்தில் இருந்தது சாவகச்சேரிப் படலையும் பின்னேர பஸ்ஸும். சொன்னேன். பெற்றவர், ஆனால் அம்மா என்று கூப்பிடாதவர். நோர்வேஜியனில் அத்தைக்கும் சித்திக்கும் பொதுவான 'தன்த' என்ற சொல் போதுமா என்று கேட்டேன்.

"தன்த என்றால் எனக்கு ஐந்து பேர் இருக்கிறார்கள். ஐந்து பேரும் வாய்க்காரிகள். உங்கள் மொழியில் சொல் என்ன?"

"சின்னம்மா."

"சின்னாமா" என்று சொல்லிப் பார்த்தார். "நல்லது. இரண்டாவது பாட்டாக வைப்போம்."

பிறகு நாங்கள் வெளியிட்ட இசைத்தட்டில் அது கடைசிக்கு முந்திய பாட்டு. நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. வானொலியில் நேயர் விருப்ப நிகழ்ச்சியில் யாரோ கேட்டிருக்கிறார்கள். பிறகு இன்னும் யாரோ. ஒரு கோடை முழுவதும் போன இடமெல்லாம் "சின்னாமா, சின்னாமா" என்று தளத்திலிருந்து குரல் வரும். வேறு குழுக்கள் சூல்வையிடம் இசைக்குறிப்புக் கேட்டன. பெரிய கோடைக்கால கன்ட்ரி விழாக்களில் மாலை வேளை மேடை கிடைத்தது. முதியோர் இல்லச் சமையலறையில் இருந்து விலகி, முழுநேர வாத்தியக்காரன் ஆனேன். வட நோர்வேயில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனபோது, மணமகளின் தாத்தா ஆர்னேயும் நானும் வேலை செய்த மீன் தொழிற்சாலையின் பழைய முதலாளி. "மீனைப் பிழையாக வெட்டியவன் நீதானே?" என்று கட்டிப்பிடித்தார்.

ஒருவருக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. சின்னம்மாவுக்கு. தொலைபேசியில் சொல்லக் கூச்சமாக இருந்தது. பெரியம்மா இருந்தவரை அது சரியாகவும் படவில்லை. பெரியம்மாவின் செத்த வீட்டுக்குப் போக யுத்தம் விடவில்லை. பின்பு சமாதான காலத்தில் பாதை திறந்ததும், சின்னம்மாவைக் கோடைக்கு மூன்று மாதம் கூப்பிட்டோம். அவர் வருவதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்து, மாலதியிடமும் சொல்லிவிட்டேன். விமான நிலையத்தில் பார்த்ததும் அம்மா என்று கூப்பிடுவது. பெரியம்மா இல்லை. இனி யாருக்கும் மனவருத்தம் இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் அந்தச் சொல்லுக்கு அவரும் ஏங்கியிருப்பார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். காரில் போகும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

விமான நிலையத்தில் பயணிகள் வெளிவரும் கதவு திறந்தது. வெள்ளைக் கைத்தறிச் சேலை, மேலே யாரோ கொடுத்த கம்பளிச் சட்டை, தள்ளுவண்டியில் மிளகாய்த்தூள் மணம். "வாங்கோ சின்னம்மா" என்றேன்.

"வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையோ?" என்றாள் மாலதி என் காதருகில். நிலாவோ, "அப்பம்மா!" என்று ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வராத சொல்லின் வழி அவளுக்கு ஒரு பாய்ச்சலில் கிடைத்துவிட்டது. அடுத்த மூன்று வாரமும் நான் பெயர் சொல்லாமலே கதைத்தேன். "சாப்பிட்டாச்சோ?" "வெளியில போவமோ?" அழைக்காமல் பேசுவது தமிழில் எவ்வளவு கடினம் என்பதை முயன்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

நான்காவது சனிக்கிழமை ஒஸ்லோவுக்கு வடக்கே ஒரு ஊர் மண்டபத்தில் நடனம். மூவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மேடைக்கு அருகே குழுக் குடும்பங்களின் மேசை. சின்னம்மா வாஃபலைக் கிழித்துச் சாப்பிட்டபடி கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சூல்வைக்குப் பிடித்த பார்வை.

ஹோக்கோன் என்று ஒருவர் எங்கள் நடனங்களுக்குத் தவறாமல் வருவார். மாட்டுப் பண்ணைக்காரர், எண்பது வயது, கழுத்தில் வெள்ளிக் காசு கோத்த பட்டி. அவர் மேசைக்கு வந்து சின்னம்மாவின் முன் குனிந்து கையை நீட்டினார். சின்னம்மா எழுந்து கைகூப்பினார். ஹோக்கோன் அந்தக் கூப்பிய கைகளை அப்படியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்னடி பிள்ளை, இவர் கையை விடுறாரில்லை?"

"ஆடக் கூப்பிடுறார், அப்பம்மா. ரெண்டு பாட்டு."

"எனக்கு ஆடத் தெரியாதெண்டு சொல்லு."

"அவருக்கும் பெரிசாத் தெரியாது. போங்கோ!" என்றாள் நிலா.

போனார். அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. ஹோக்கோன் ஆட, சின்னம்மா அவரைச் சுற்றி நடந்தார். கோயில் வீதி சுற்றுவது போல நிதானமாக, ஆனால் ஒன்று என்ற அடியில் கால் பிசகாமல். நான் இலையுதிர் காலம் முழுவதும் படித்ததை அவர் வாஃபல் தின்னும் நேரத்தில் படித்திருந்தார்.

முதல் பாட்டு முடிந்தது. சூல்வை மைக்கில் குனிந்து அடுத்ததன் பெயரைச் சொன்னார்: "சின்னாமா!" மண்டபம் கைதட்டியது.

சின்னம்மா சட்டென்று நிமிர்ந்தார். எங்கள் ஊரில் கோயில் ஒலிபெருக்கியில் பெயர் சொன்னால், தேடுகிறார்கள், போக வேண்டும் என்பது பொருள். "ஓம், வாறன்!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, ஹோக்கோனை நடுத்தளத்தில் விட்டு விறுவிறுவென்று மேடைக்கு நடந்தார். முந்நூறு கண்கள் பார்த்தன. ஹோக்கோனின் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. ஒரு மூச்சுக்கு மேல் இடைவெளி விடாத சூல்வை, அக்கோர்டியனின் துருத்தியை மூடிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன தம்பி, என்னை மைக்கில கூப்பிடுறியள்? என்ன விசயம்?"

"கூப்பிடேல்லை, அம்மா. அது பாட்டின்ரை பேர்."

அவசரத்தில் வந்துவிட்டது. எனக்கே பிறகுதான் தெரிந்தது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"பாட்டுக்கு ஆர் பேர் வைச்சது?"

"நான்தான்."

"என்னை நினைச்சோ?"

"ஓம்."

"இவையள் எல்லாருக்கும் தெரியுமோ?"

"தெரியும். நாடு முழுக்கத் தெரியும்."

சபையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "அப்ப ஏன் அந்த மனிசனை நிக்க வைச்சிருக்கிறியள்? வாசியுங்கோ" என்று சொல்லி, வந்த வேகத்திலேயே ஹோக்கோனிடம் திரும்பினார். சூல்வையின் வலது சப்பாத்து மூன்று முறை தட்டியது. அந்த வால்ஸை நான் எத்தனையோ மேடையில் வாசித்திருக்கிறேன். அன்று மட்டும் என் கையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இடைவேளையில் சூல்வை தெர்மோஸைத் திறந்து, முதல் கோப்பையைச் சின்னம்மாவிடம் கொடுத்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்ற துணிவில், "அம்மா" என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"நில்" என்றார். கோப்பியை ஊதிக் குடித்தார். "மேடையில சொன்னதும் கேட்டது. சந்தோசம். ரெண்டு தரம் கேட்டாச்சு, அது எனக்குப் போதும். அந்தச் சொல்லை நான் அக்காவுக்குக் குடுத்தனான். குடுத்ததைச் செத்தாப் பிறகு திருப்பி வாங்கிற பழக்கம் எங்கடை வீட்டில இல்லை."

"உங்களுக்கு ஆசை இல்லையோ?"

"இருந்தது. இண்டைக்குக் காலமை வரைக்கும் இருந்தது." கோப்பையால் தளத்தைக் காட்டினார். "இப்ப பார், ஒரு ஊர்ச் சனம் சின்னம்மா எண்டு கேட்டுக் கேட்டு ஆடுது. அம்மா எண்டா எல்லாருக்கும் ஒண்டு கிடக்கு. நீ இப்ப நடுவில பேரை மாத்தினா, இவையளுக்குக் கால் பிழைச்சுப் போம்."

"அப்ப நான் எப்பிடிக் கூப்பிட?"

"வாயைத் திறந்து கூப்பிடு. மூண்டு கிழமையா 'சாப்பிட்டாச்சோ, போவமோ' எண்டு, நான் என்ன பக்கத்து வீட்டு மனிசியோ?"

மாலதி வாஃபல் புரைக்கேறும்படி சிரித்தாள். நானும் சிரித்தேன். சூல்வை மேடையில் ஏறிவிட்டார். எதிர்ப் பக்கத்தில் ஹோக்கோன் தலைமயிரைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு எழுந்து நின்றார்.

"சின்னம்மா" என்றேன்.

"ம். கோப்பையைப் பிடி" என்றார், "அந்த மனிசன் வாறார்."